பதினேழாம் நம்பர் வீட்டு ஆறு காடிகள்

மண்ணுக்கடியில் நாற்பத்தைந்து வருடம் கிடந்த உலோகத்தை வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் போட்டால் ஒரு வாடை கிளம்பும். சில்லறைக் காசை நெடுநேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தால் வருமே, அந்த வாடையோடு மழைநாளில் ரப்பர் தோட்டத்து ஒட்டுப்பால் கொட்டகையைத் தாண்டும்போது மூக்கில் ஏறும் நாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜொகூர் பாருவில் என் வீட்டுப் பின்கட்டில் அந்த வாடை மூன்று நாள் நின்றது. எனக்கு அதில் எந்த இனிமையும் தெரியவில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது "ஆஹா, தோட்டத்து வாழ்க்கை" என்று பெருமூச்சு விடலாம் என்று வந்திருந்தால் தயவுசெய்து வேறு பக்கத்தைப் புரட்டிக்கொள்ளுங்கள். நான் பெருமூச்சு விடுகிற ஆள் இல்லை, பல்லைக் கடிக்கிற ஆள். தொழிலும் அதற்கேற்றதுதான், தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய் ஊராருக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிறேன்.

சாஆ என்ற ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தை வீடமைப்புக்காரர்களிடம் விற்றுவிட்டார்கள். கடைசியாக மிஞ்சியிருந்த தொழிலாளர் லயத்து வீடுகளின் அடித்தளத்தைப் பெயர்த்தெடுக்க மண்வாரி ஓட்டியவன் மணியம், தமிழ்ப்பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன். அவன்தான் ஒரு நாள் மத்தியானம் தொலைபேசியில் கூப்பிட்டான். "டேய், ஒங்க வீட்டுப் பின்னால, குளிக்கிற கல்லுக்குப் பக்கத்துல, ஒரு பால்மாவு டின்னு கெடச்சிருக்குடா. உள்ள காடி இருக்குலா. எண்ணிப் பாத்தேன், ஆறு" என்றான். கடைசிச் சொல்லை அவன் சற்று இறக்கித்தான் சொன்னான். எங்கள் தோட்டத்தில் அந்த வயதுக்காரர் எவரிடமும் "ஆறு காடி" என்று சொல்லிப் பாருங்கள், உடனே என் அண்ணன் பெயரைச் சொல்வார்கள்.

காடி என்றால் எங்கள் பக்கத்தில் கார். இவை பொம்மைக் கார்கள், விரல் நீளம், நல்ல கனமான உலோகத்தில் வார்த்தவை, கதவு திறக்கும், சக்கரத்தில் குட்டி ரப்பர் டயர் இருக்கும். நாங்கள் சோடா மூடியைத் தட்டிச் சக்கரம் செய்துகொண்டிருந்த காலத்தில் தோட்டத்தில் ஒரே ஒருவனிடம்தான் அப்படிப்பட்ட காடிகள் இருந்தன. அவன் பெரிய கிராணியின் மகன். ஆள் பெயரைப் பதிவேட்டில் எழுதுகிற அந்தப் பெரிய கிராணி நடந்து வந்தால், துரைக்கு விடுகிற மாதிரி ஒதுங்கி வழிவிடுவார்கள். மகனுடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்த மரியாதையை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. அண்ணன் பால்மரப் பொந்திலிருந்து ஒரு மைனாக் குஞ்சை எடுத்து வந்து வாழைப்பழம் மசித்துக் கொடுத்து வளர்த்தான், அது அவன் தோளிலேயே உட்கார்ந்திருக்கும். கிராணி மகன் அதைக் கேட்டு ஒரு வாரம் பின்னாலேயே அலைந்தான். கடைசியில் ஆறு காடிக்கு மைனா என்று பேசி முடித்தார்கள்.

எங்கள் லயத்துப் பிள்ளைகளிடம் இதற்கென்று ஒரு சட்டம் இருந்தது. பெரியவர்களின் பால்வாளிகளில் ஆளுக்கொரு எண்ணைச் சிவப்புச் சாயத்தில் எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து நாங்களே உண்டாக்கிக்கொண்ட சட்டம் அது. ஒரு பொருளை ஒருவனுக்கு ஒரேயடியாகக் கொடுப்பதென்றால், கொடுக்கிறவனே தன் கையால், வாங்குகிறவனின் வீட்டு எண்ணை ஆணியால் அதில் கீற வேண்டும். "கீறிக் குடுத்தாச்சி" என்றால் கதை முடிந்தது, அப்புறம் அழுது புரண்டாலும் திருப்பிக் கேட்க முடியாது. பம்பரம், கைவிளக்கு, தகர விசில் எல்லாம் எங்களிடையே இப்படித்தான் கைமாறின. கிராணி மகனும் எங்கள் வீட்டுப் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து ஆறு காடிகளின் வயிற்றிலும் பதினேழு என்று கீறினான். நான் அங்கே இல்லை. அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும், இரவு ஒரே பாயில் படுத்துக்கொண்டு ஆறையும் தொட்டுப் பார்க்க மட்டும் விட்டான், ஓட்ட விடவில்லை.

மைனா இரண்டே நாளில் செத்துப்போனது. அந்த வீட்டில் அதற்குப் பாலும் ரொட்டியும் கொடுத்துக் கொன்றுவிட்டார்கள். மூன்றாம் நாள் பெரிய கிராணி மகனிடம் காடி எங்கே என்று கேட்டிருக்கிறார். அப்பனுக்குப் பயந்த அந்தப் பிள்ளை, காணோம், யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டான். அன்று சாயங்காலம் கிராணி காவல்காரரைக் கூட்டிக்கொண்டு காடியைத் தேடி லயத்துக்கு வந்தார். மகனும் பின்னால் நின்றான்.

அண்ணன் கொஞ்சம்கூடப் பயப்படவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "அவன்தாங்க ஐயா குடுத்தான். எங்க வீட்டு நம்பர அவனே கீறிக் குடுத்தான். வாங்க, காட்டுறேன்" என்று தலையை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தான். பகலில் எங்கள் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தியிருக்கும், அந்தச் சுருளுக்குள்தான் ஒரு பழைய காற்சட்டையில் சுற்றி வைத்திருந்தான். எல்லார் முன்னாலும் பாயைத் தூக்கி உதறினான். காற்சட்டை விழுந்தது. காடி விழவில்லை.

அவன் மறுபடியும் உதறினான். பாயை விரித்துப் பார்த்தான். பிறகு திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தான், நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். காவல்காரர் அம்மாவின் தகரப் பெட்டியைக் கவிழ்த்து, சேலை, உள்பாவாடை எல்லாவற்றையும் வாசலில் கொட்டினார். கிராணி அடுப்படியில் நின்ற அம்மாவைப் பார்த்து, "ஏம்மா, காடி ஏதும் இந்த வீட்டுக்கு வந்துச்சா?" என்றார். "இல்லீங்க ஐயா. கண்ணால கூடப் பாக்கல" என்று அம்மா சொன்னார். கிராணி மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகிறவர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற "பெரட்டு" நேரத்தில், அப்பாவை அண்ணனோடு அலுவலகத்து முன்னால் வரச் சொன்னார்கள். "நீயே அடிக்கிறியா, இல்ல போலீஸக் கூப்பிடவா?" என்று கிராணி கேட்டார். அப்பா எங்களை அடிக்கிற மனிதர் இல்லை. அன்றைக்குத் தோட்டமே பார்க்க இடுப்பு வாரை உருவி அண்ணனை அடித்தார். வீட்டுக்கு வந்ததும், "நமக்குன்னு பேச யாருடா இருக்கா" என்று அவனிடமே சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார், வேலைக்குப் போகவில்லை.

அதோடு அண்ணனுக்குக் "காடித் திருடன்" என்று பெயர் வந்தது. பிறகு சோம்பேறித்தனத்தில் வெறும் "காடி" ஆக்கிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் யாருக்கு அழிரப்பர் தொலைந்தாலும் முதலில் அவன் பையைத்தான் கொட்டினார்கள், இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் பள்ளிக்கே போகாமல் நின்றுவிட்டான். பெரியவனான பிறகு கோத்தா திங்கியில் ஒரு பெண் பார்த்துப் பேச்சு முடிந்து, பெண் வீட்டார் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். அவன் யோங் பெங் பக்கம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழ லாரி ஓட்டி, அங்கேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டான். லாரி ஓட்டுவதால்தான் காடி என்று கூப்பிடுகிறார்கள் என்று அவன் பிள்ளைகள் நினைத்தார்கள். என்னோடு அவனுக்கு ஒட்டுதல் விட்டுப்போனது, தீபாவளிக்குப் போனால் அரை மணி நேரம், சாவு வீட்டில் பார்த்தால் ஒரு தலையசைப்பு. அவமானம் அவனை அப்படி ஆக்கிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அதற்கும் சேர்த்துக் கிராணி குடும்பத்தை வெறுத்தேன். பெரிய கிராணி செத்த செய்தி வந்த அன்று நான் மீன் குழம்பு வைக்கச் சொல்லி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை.

இத்தனை வருடமாக நான் வளர்த்த வெறுப்பு இது. மணியம் சொன்ன இடமோ எங்கள் வீட்டுப் பின்பக்கம். சாஆவுக்குப் போய் அந்த டின்னை வாங்கிக்கொண்டு திரும்பினேன். கிராணி மகன் எங்கள் பாயிலிருந்து திருப்பி எடுத்து ஒளித்து வைத்துவிட்டுப் பொய் சொன்னான் என்றுதான் நான் நம்பியிருந்தேன். எங்கள் மண்ணில் கிடைத்தது என்றால், அண்ணன் திருடிப் புதைத்துவிட்டு நாடகமாடினானா? காடியின் வயிற்றில் எண் இருக்கிறதா, அதை யார் கீறியது, எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

இணையத்தில் இந்த மாதிரிப் பழைய காடிகளைப் புதுப்பிக்கிறவர்கள் சிரித்த முகத்தோடு படம் எடுத்துப் போடுகிறார்கள், பின்னணியில் இசை வேறு. அவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஆனாலும் முறையை அவர்களிடம்தான் கற்றேன். இது இரும்பில்லை, துத்தநாகக் கலவை. துரு ஏறாது, வெள்ளையாகப் பூத்துப் பொடிப்பொடியாக உதிரும். துரு ஏறுவது சக்கரத்தைக் கோத்திருக்கும் கம்பிதான். முதலில் ஊறப் போட வேண்டும். பிறகு பல்துலக்கும் தூரிகை, அதற்குப் பிறகு மூங்கில் குச்சி. புளிப்பு மட்டும் படக் கூடாது, அமிலம் பட்டால் இந்த உலோகம் நுரைத்துக் கரையும், மேல்தோலோடு எல்லாக் கோடும் போய்விடும். என்னிடம் பல் வேலைக்கான நுண்ணிய ஊசிகளும் துளையிடும் கருவியும் இருந்தன. ஆறில் மிக மோசமாக இருந்த ஒரு மஞ்சள் காடியை எடுத்து, அதன் வயிற்றில் அப்பியிருந்த மண்ணையும் பூப்பையும் பல்லில் கறை எடுப்பதைப் போல மயிரளவு மயிரளவாகச் சுரண்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

எண் இருந்தது. பதினேழு. அந்த ஏழின் நடுவே ஒரு குறுக்குக் கோடு இருந்தது. தமிழ்ப்பள்ளியில் எங்களில் எவனும் ஏழு என்ற எண்ணை அப்படி எழுத மாட்டான், எழுதினால் விரலில் பிரம்பு விழும். பெரிய கிராணி பதிவேட்டில் அப்படித்தான் எழுதுவார், மகனுக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார். ஆகவே அதைக் கீறியது அவன் கை. அண்ணன் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. நான் மேசையைக் குத்தியதில் தண்ணீர்க் கோப்பை கவிழ்ந்தது. அழுதேன் என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காடியை இழுப்பறையில் பூட்டி வைத்துவிட்டு, மற்ற ஐந்தையும் பின்கட்டில் சவர்க்காரத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது ஐந்தும் ஈயச் சொம்பு மாதிரி பளபளவென்று துணியில் வரிசையாக இருந்தன. சாயம் இல்லை, விளிம்பு இல்லை, வயிற்றில் எண் இருந்த தடமே இல்லை. பக்கத்தில் ஒரு சட்டியில் புளிக்கரைசல், தேங்காய் நார். என்னோடு இருக்கும் எண்பது வயது அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா ஒங்கள இதத் தொடச் சொன்னா?" என்று கத்தினேன்.

"ஏன்டா கத்துற? வெள்ளிக்கெழம வெளக்கு வெளக்குற மாதிரிதான வெளக்குனேன். பளிச்சின்னு ஆக்கி ஒங்கண்ணன்கிட்டக் குடுக்கலாமேன்னு பாத்தேன்" என்றார். பிறகு துணியைப் பார்த்து விரலால் எண்ணிக்கொண்டே, "இன்னொன்னு எங்க? ஆறையும் ஒண்ணாத்தான டின்னுல போட்டு மூடினேன்" என்றார்.

"டின்ன மூடினது நீங்களா?" என்றேன். வாய் தவறிச் சொன்னது அம்மாவுக்கும் புரிந்துவிட்டது, ஆனால் மறைக்கப் பார்க்கவில்லை. அன்று காலையில் பாயைச் சுருட்டும்போது காடிகளைப் பார்த்திருக்கிறார். மத்தியானம் கிராணி வீட்டில் காடி காணோம் என்று தண்ணிக் குழாயடியில் பேச்சு வந்திருக்கிறது. அண்ணன்தான் திருடிவிட்டான் என்று முடிவு செய்து, அவன் பள்ளி விட்டு வருவதற்குள் புதைத்துவிட்டார். "வீட்ட விட்டுத் தொரத்திடுவாங்கன்னு பயந்துட்டேன்டா. அவன் வந்து வாங்கய்யா காட்டுறேன்னு நின்னப்ப எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சி. அதுக்கப்பறம் தோண்டி எடுத்தா, நான் இல்லன்னு சொன்னது பொய்யின்னு ஆயிடுமில்ல" என்றார்.

கிராணிக்குக் குறி வைத்து நாற்பத்தைந்து வருடம் தீட்டிய கத்தி என் வீட்டுக்குள்ளேயே திரும்பி நின்றது. ஒரு வார்த்தை, "ஏதுடா இது?" என்று ஒரே ஒரு வார்த்தை பிள்ளையிடம் கேட்டிருக்கலாம். மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை. அவருக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு எழுந்து போனேன். கொடுமைதான், தெரிந்தே செய்தேன்.

அந்த மூன்று நாளில் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். எங்கள் தோட்டத்துக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, காலையில் பூப்படம், மாலையில் பால்மரப் படம், இடையில் "அது ஒரு பொற்காலம்". அதில் மஞ்சள் காடியின் வயிற்றைப் படம் எடுத்துப் போட்டு, யார் கீறியது, யார் பொய் சொன்னது, யார் அடி வாங்கியது என்று நீளமாக எழுதினேன். "சூப்பர் பிரதர், மலரும் நினைவுகள்" என்று ஒருவர். "அலமாக், இப்பவும் சக்கரம் ஓடுதா?" என்று ஒருவர். "இந்த மாடல் எனக்கு வேணும், குடுப்பீங்களா?" என்று இன்னொருவர். கிராணி மகனும் அந்தக் குழுவில் இருக்கிறான், ஏதோ குளிர் தேசத்தில் பேரப்பிள்ளைகளோடு. அவன் அதைப் படித்தான். படித்துவிட்டு ஒரு கட்டைவிரலை உயர்த்திப் போட்டான். அவ்வளவுதான் அவன் கொடுத்த பதில். நான் குழுவை விட்டு வெளியேறினேன்.

நாலாம் நாள் அம்மா தானாகவே சேலையை மாற்றிக்கொண்டு வந்து, "என்ன அவன்கிட்டக் கூட்டிட்டுப் போ. நான் சொல்லிக்கிறேன்" என்றார். யோங் பெங்குக்குப் போனோம். அண்ணன் வீட்டு முன்னால் லாரி டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான், வழக்கம்போல என்னைப் பார்க்காமல் அம்மாவை மட்டும் கைபிடித்து உட்கார வைத்தான். நான் மஞ்சள் காடியை அவன் கையில் கொடுத்தேன். புரட்டி வயிற்றைப் பார்த்தான், கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

"நாந்தான்யா பொதச்சேன்" என்றார் அம்மா. "நீ திருடிட்டன்னு நெனச்சி பயந்துபோயி நாந்தான் பொதச்சேன்." சொல்லிவிட்டு முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டார்.

அண்ணன் அம்மாவைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்றே விரும்பினேன். அவன் அம்மாவைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தான், வாய் கொஞ்சம் திறந்தபடி.

"அப்ப இவன் எடுக்கலையா?" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பாய்க்குள் காடி இருப்பது தெரிந்தவன் நான் ஒருவன்தான், அந்தப் பாயில் படுத்தவனும் நான்தான். தம்பி எடுத்து எங்கோ வைத்துவிட்டான் என்று அவன் அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். பாயை உதறிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த அந்த நொடியில் முடிவு செய்திருக்கிறான். சொன்னால் அந்த வார் எட்டு வயதுப் பிள்ளையின் முதுகில் விழும் என்று வாயை மூடிக்கொண்டு அடி வாங்கியிருக்கிறான். அடி வாங்கிவிட்டு, அந்தப் பிள்ளையை வாழ்நாள் முழுக்க மன்னிக்காமல் இருந்திருக்கிறான்.

"ஏண்ணே, ஒரே ஒரு தடவ என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?" என்றேன். கோபத்தில்தான் கேட்டேன்.

அண்ணன் காடியைத் தொடைமேல் முன்னும் பின்னும் உருட்டினான். சக்கரக் கம்பி துருவேறிப் போனதால் அது உருளவில்லை, இழுபட்டது.

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டின்னா?" என்றான்.

அந்தத் தோட்டம் இன்று இல்லை. லயம் இருந்த இடத்தில் ஒரே மாதிரி வீடுகள் எழும்புகின்றன, வாசலில் காவல்சாவடி இருக்கிறது, நாங்கள் உள்ளே போக வேண்டுமென்றால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பால்மரம் போய்விட்டது, கோவில் போய்விட்டது, பள்ளிக்கூடம் போய்விட்டது என்று குழுவில் இப்போதும் அழுதுகொண்டிருப்பார்கள், அழட்டும். அவை போனதில் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்குப் போனது ஓர் அண்ணன். நாற்பத்தைந்து வருடமாக அவன் யோங் பெங்கில்தான் இருந்தான், என் வீட்டிலிருந்து காடியில் போனால் ஒன்றேகால் மணி நேரம்.